இருபத்தாறாவது கிலோ

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்தான் எனக்கு வியாபாரம்.
சரக்கு ரயில் நகர்ந்து முடியும் வரை
பைக்கில் உட்கார்ந்தபடியே
சிகரெட் கேட்பார்கள், மிக்சர் கேட்பார்கள்.
கேட் திறந்தால்
மிச்சம் கடன்காரர்கள் மட்டும்.

அரிசி மூட்டை இருபத்தாறு கிலோ.
அதென்ன கணக்கு, இருபத்தைந்து இல்லையா என்றார்
மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பேங்க்காரர்.
இருபத்தைந்து வரைக்கும் வரி சார்,
ஒரு கிலோ ஏறினால் கிடையாது.
அந்த ஒரு கிலோ எந்த வயலிலும் விளையவில்லை,
தில்லியில் ஒரு தாளில் விளைந்தது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அஞ்சு கிலோ போதும் என்றார்.
பை தைத்துப் பேர் போட்ட அஞ்சு கிலோவுக்கு வரி உண்டு.
மூட்டையை அவிழ்த்துப் படியால் அள்ளினால் இல்லை.
பேர் வைத்ததுதான் குற்றம்.

நூக்கம்மாவின் அரிசிக்குப் பேர் இருந்ததில்லை.
விடிகாலை முதல் வண்டி.
சீட்டுக்கு அடியில் மூன்று பை,
கக்கூஸ் பக்கம் இரண்டு,
மடியில் ஒன்று, குழந்தை மாதிரி.
பொன்னேரியில் போலீஸ் ஏறினால்
எந்தப் பைக்கும் சொந்தக்காரர் இல்லை.
பெட்டி முழுக்கப் பெண்கள்
ஜன்னலுக்கு வெளியே
கொக்கு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்பாக்கம் வரை அது ரேஷன் அரிசி.
அடுத்த ஸ்டேஷனுக்குப் பேரே தடா.
நடுவில் சுவர் இல்லை,
கொஞ்சம் கருவேலம், சேற்றில் இரண்டு எருமை.
போர்டில் எழுத்து மட்டும் வளைகிறது.
அங்கே இறங்கியதும் அது
வெறும் அரிசி.

என் கார்டு அரிசியும் அவள் பையில்தான்.
மாசம் இருபது கிலோ, கிலோ ஆறு ரூபாய்.
ரேகை என்னுடையது.
மிஷின் என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

தராசுக்கு முத்திரை குத்த வருகிறவர் இருதயநாதன்.
சொந்தப் படிக்கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்.
ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கலாம்,
அதற்குப் பேர்தான் நியாயம் என்று சொல்லி
ஈயத்தில் வருஷத்தைக் குத்துவார்.
அரிசி எங்கிருந்து வந்தது என்பது
அவர் டிபார்ட்மென்ட் இல்லை.

போன வியாழன் நூக்கம்மா வந்தாள்.
மகளைப் பார்க்க எண்ணூரிலிருந்து வருகிறார்களாம்,
நல்ல அரிசியா நாலு கிலோ.
தட்டில் கொட்டி விரலால் கலைத்தாள்.
வெள்ளையோ வெள்ளை, பாலீஷ் போட்டது,
மூட்டையில் அன்னம் படம்.
ஒரு மணி மட்டும் விரலில் தங்கியது.
கொஞ்சம் மஞ்சள்,
அச்சில் வார்த்தது போல முனை மழுங்கி.
சத்துக்காக ரேஷனில் கலப்பார்களே, அது.
பிளாஸ்டிக் என்று இந்தத் தெருவே பொறுக்கி எறிவது.
மில்லின் கண்ணில் படவில்லை,
அவள் கண்ணில் பட்டது.

அதை எடுத்துத் தராசின் நடுவில் வைத்தாள்.
தராசு பூஜ்யம் காட்டியது.

"இது என்கூட வண்டியில வந்துது" என்றாள்.
கிலோ ஐம்பத்தெட்டு என்றேன்.
"தெரியும். அந்தாண்ட போறதுக்கு சார்ஜ்
நான் குடுத்தது.
கழிச்சிக்கோ."

கழிக்க ஆரம்பித்தால் என்னிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.
என் ஆறு ரூபாய்,
அவளுக்கு அங்கே கிடைக்கும் பதினாலு,
போலீஸுக்குப் போவது,
மில்லுக்கு, அன்னம் வரைந்தவனுக்கு,
திரும்பி வரும் லாரியின் டீசலுக்கு.
கால்குலேட்டரில் கை வைத்தேன்.
அதற்குள் மணி அடித்துக் கேட் இறங்கியது.
பைக்குகள் நின்றன.
யாரோ தீப்பெட்டி கேட்டார்கள்.

இருநூற்று முப்பத்திரண்டு.
இருநூற்றிருபது கொடு என்றேன்.
எண்ணிக் கொடுத்தாள்.
அரிசியைப் பையில் கவிழ்த்துக்கொண்டு
படியிறங்கியவள் திரும்பி வந்து
தராசில் கிடந்த
அந்த ஒன்றையும் எடுத்துப்போனாள்.